ரோசாப் புறா

முத்திரை சேர்க்கும் பழக்கம் இக்காலப் பிள்ளைகளிடம் அருகிவிட்டது. ஆயினும், அவர்தம் பேரன்மார் சேர்த்து வைத்த அல்பங்கள் பல வீடுகளில் அலுமாரியின் மேற்றட்டில் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அண்மையில் ஒரு மழை நாளில், அத்தகைய அல்பம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, மொரீசியஸ் தீவினர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட முத்திரையொன்றைச் சுட்டிக்காட்டி, “மாமா, ரோசா நிறத்திலை புறா இருக்கோ? இல்லாட்டில் கீறினவர் தன்ரை விருப்பத்துக்கு நிறம் தீட்டிப்போட்டாரோ?” என்று எம்மை வினவினாள்.

கேள்வி நியாயமானதே. நம் வளவுகளில் நெல் காயவிட்ட பாயைச் சுற்றி நடைபழகும் புள்ளிப்புறா கபில நிறமுடையது. கோயிற் கோபுரத்தில் அடையும் மாடப்புறா சாம்பல் நிறம். வன்னிக் காட்டு வீரை மரங்களிலும் பாலை மரங்களிலும் பழந்தின்ன வரும் பச்சைப்புறாவையும் நம்மிற் சிலர் கண்டிருப்பர். ரோசா நிறப் புறாவை நாம் எங்கே கண்டோம்?

ஓவியர் பொய் வரையவில்லை. அப்பறவை உண்மையாகவே உளது. உலகம் முழுவதிலும் அத்தீவு ஒன்றிலேயே இயற்கையாக வாழ்வது. பருமனில் மாடப்புறாவை ஒக்கும். தலையும் கழுத்தும் மார்பும் மங்கிய ரோசா நிறம், இறக்கைகள் கடுங்கபிலம், வால் செம்மண் நிறம், சிவந்த அலகின் நுனி மட்டும் வெண்மை. இறக்கைகள் குட்டையும் அகலமுமானவை. நெடுந்தூரம் பறந்து கடல் கடக்கும் தேவை இல்லாத, மரத்துக்கு மரம் தாவித் திரியும் காட்டுப் பறவையின் இறக்கைகள் அவை. இலை, பூ, காய், கனி, விதை என அக்காட்டு மரங்கள் தருவனவெல்லாம் அதற்கு உணவு. நாலு சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்ததுபோன்ற ஒரு கூடு. அதில் இரண்டு வெள்ளை முட்டைகள். கூடு கட்டும் தொழிலில் புறாக்குலத்தார் கெட்டிக்காரர் அல்லர் என்பது நம் வீட்டு யன்னலின் மேற் கூடு வைக்கும் புள்ளிப்புறாவைப் பார்த்தாலே விளங்கும்.

அம்முத்திரை அச்சேறிய காலத்தில் இப்புறா அடியோடு ஒழியும் தறுவாயில் நின்றது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளில் காட்டில் எஞ்சியவை ஏறக்குறைய பத்தே. 2018ஆம் ஆண்டளவில் அவை நானூறுக்கு மேற் பெருகியிருந்தன. பத்து நானூறானது என்றால், கதை அங்கே மங்கலமாக முடிந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சிறுமிக்கு விடை சொல்லும் பொருட்டுச் சற்றே ஆழமாகப் படிக்கப் புகுந்தபோதுதான், அது முடியாத கதை என்பதை உணர்ந்தோம்.

கருங்காலிக் காடு கரும்புத் தோட்டமானது

மொரீசியஸ், மடகாஸ்காருக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்தின் நடுவில் எரிமலையினால் எழுந்த தீவு. பரப்பு ஏறக்குறைய 1,865 சதுர கிலோமீற்றர். நம் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. தமிழருக்கு அது அந்நியமான மண் அன்று. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, துறைமுகமும் மாளிகைகளும் அமைக்கப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கொத்தரையும் தச்சரையும் அழைப்பித்தார். ஆங்கிலேயர் ஆட்சியில், 1834 தொடக்கம், ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரவர் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். அவருள்ளும் தமிழர் இருந்தனர். இன்றும் அந்நாட்டு நாணயத்தாளில் தமிழெழுத்தைக் காணலாம்.

மனிதர் காலடி படுவதற்கு முன்னர் அது பறவைகளின் தீவாக இருந்தது. வௌவால்களைத் தவிர நிலத்து முலையூட்டிகள் அங்கு இல்லை. பூனை இல்லை, எலி இல்லை, குரங்கும் இல்லை. அஞ்சவேண்டிய பகை இல்லாத இடத்தில் பறவைகள் அச்சத்தை மறந்தன. சில பறத்தலையே மறந்தன. அவற்றுட் புகழ்பெற்றது டோடோ. அதனை வான்கோழி என்றோ தாரா என்றோ பலர் எண்ணுவர். அதுவும் ஒரு புறாவே. பழைய எச்சங்களிலிருந்து பெற்ற மரபுப் பொருளை ஆய்ந்தோர், இன்று வாழ்வனவற்றுள் நிக்கோபார்ப் புறாவே அதற்கு மிக நெருங்கிய உறவு என 2002இல் வெளியிட்டனர். எண்ணற்ற தலைமுறைகளாக நிலத்திலேயே நடந்து, பருத்து, இறக்கை சுருங்கிய ஒரு புறாவைக் கற்பனை செய்து பாருங்கள், அதுவே டோடோ.

ஒல்லாந்தர் 1598இல் அத்தீவில் இறங்கினர், 1638இற் குடியேறினர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தாம். டோடோவை உயிருடன் கண்டதாகப் பொதுவாக ஏற்கப்படும் இறுதிச் செய்தி 1662ஆம் ஆண்டுக்குரியது. குடியேறியோர் கால் நூற்றாண்டு கழியுமுன் ஓர் உயிரினம் ஒழிந்தது. அடுத்து நீலப்புறா என்ற வேறோர் இனம். அதன் சிவப்பு, வெள்ளை, நீல வண்ணங்கள் ஒல்லாந்தக் கொடியை நினைவூட்டியமையால் பிரெஞ்சுக்காரர் அதற்கு ஒல்லாந்தப் புறா எனப் பெயரிட்டிருந்தனர். அதுவும் 1830களுக்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. ரோசாப் புறா மட்டும் எஞ்சியது. அதன் இறைச்சி நஞ்சு என்றொரு நம்பிக்கை பிரெஞ்சுக்காரரிடையே நிலவியதாம். மெய்யோ பொய்யோ, அந்த நம்பிக்கை சில புறாக்களையாவது சட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கும்.

சட்டிக்குத் தப்பியது கோடரிக்குத் தப்பவில்லை. ஒல்லாந்தர் கருங்காலி மரத்துக்காகக் காட்டினுட் புகுந்தனர். பின்வந்தோர் சமவெளிக் காடுகளை அழித்துக் கரும்பு நட்டனர். அத்தோட்டங்களில் வியர்வை சிந்தியோருள் நம் இனத்தவரும் இருந்தனர் என்பதை மறைப்பானேன்? வயிற்றுக்காகக் கடல் கடந்த அவர்கள் எந்தக் காட்டை அழிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் நிலையில் இருக்கவில்லை. கடைசியாக எஞ்சிய மலைமேட்டுக் காட்டிலும், 1970களில், பைன் மரம் நடுவதற்காகப் பெரும் பகுதி வெட்டப்பட்டது. புறாவின் பழைய பிரெஞ்சுப் பெயர் சதுப்புநிலப் புறா என்று பொருள்படும். அப்பெயருக்குக் காரணமான மேட்டுச் சதுப்புகளைச் சூழ்ந்திருந்த குறுங்காடுதான் அவ்வாறு போயிற்று. இன்று கெடாத பழங்காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்பர்.

காடு சுருங்கியது ஒருபுறமிருக்க, எஞ்சிய காடும் பழைய காடாக இருக்கவில்லை. கப்பல்களோடு எலி வந்தது. சாவகத் தீவிலிருந்து 1639இல் மான் கொண்டுவரப்பட்டது. பன்றியும் பூனையும் வந்தன. தென்கிழக்காசிய நெடுவாற் குரங்கு எவ்வாறோ வந்து சேர்ந்து, முட்டையும் குஞ்சும் தின்னப் பழகியது. எலியை ஒழிக்கவென 1900ஆம் ஆண்டையொட்டிக் கீரியை அழைத்து வந்தனர். கீரி எலியோடு நிற்காமற் பறவைகளையும் தின்றது. பாம்புக்குக் கீரி நல்ல மருந்து என்று நாம் அறிவோம். பாம்பின் தொல்லையே இல்லாத தீவிற் கீரிக்கு வேறு என்ன வேலை?

செடிகளும் வந்தன. அவற்றுட் கொடியது சீனக் கொய்யா. பெயர் சீனமாயினும் தாயகம் தென்னமெரிக்கா. செம்பழம் சுவையானது; ஞாயிற்றுக்கிழமைகளிற் குடும்பங்கள் கூடை கொண்டு பறிக்கப் போவது அங்கு ஒரு வழக்கம். ஆனால் அது விளைந்த இடத்தில் வேறெந்தக் கன்றும் தலையெடுக்காது. அதற்கு இணையான மற்றொரு செடியைப் பற்றிப் படித்தபோது நாம் சற்றே நாணினோம். லிகஸ்ட்ரம் என்ற பேரினத்தைச் சேர்ந்த அச்சிறுமரம் இலங்கையிலிருந்து சென்றது. ஆய்வாளர் அதன் மரபுப் பொருளைப் பலவிடத்து மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, மொரீசியஸிலும் அயலிலுள்ள ரெயூனியனிலும் பரவியிருப்பது இலங்கை மரமே என 2004இல் உறுதி செய்தனர். நம் காட்டில் மற்ற மரங்களோடு மரமாக அடங்கி நிற்கும் ஒன்று, அங்கே அடக்குவார் இன்றி நெருங்கி வளர்ந்து, புறாவுக்கு உணவளிக்கும் மரங்களின் கன்றுகளை நிழலால் நெரிக்கின்றது. அதன் சிறு பழங்களைத் தின்று விதையைக் காடெங்கும் எச்சமிடுவது இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஒரு கொண்டைக்குருவி.

இரவில் மரமேறியோர்

1960ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியிற் கரோல் என்னும் பெருஞ்சூறாவளி தீவைத் தாக்கியது. வீடுகள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. மரங்கள் உணவின்றி மொட்டையாயின. ஏற்கெனவே சிறுத்திருந்த புறாக்கூட்டம் அதன்பின் முன்போல் ஆகவில்லை. 1970களின் நடுப்பகுதியில் இருபது முப்பதுக்கு மேல் இல்லை என்றே அறிஞர் கணித்தனர். அவையும் மழை மிகுந்த மலைமேட்டில், பெரும்பாலும் ஒரு சிறு தோப்பிலேயே கூடு வைத்தன. வியப்பு யாதெனில், அத்தோப்பு அவற்றின் சொந்தக் காடன்று. யப்பானிலிருந்து கொணர்ந்து நட்ட ஒருவகைத் தேவதாரு மரங்கள். நெருங்கி முட்போன்ற இலையுடைய அம்மரங்களில் குரங்குக்கும் எலிக்கும் ஏறித் திரிவது எளிதாக இருக்கவில்லை. வெளிநாட்டுச் செடிகளாற் கெட்ட புறாவுக்கு வெளிநாட்டு மரமே கடைசிப் புகலிடமாயிற்று.

யேர்சித் தீவில் அருகிவரும் உயிர்களுக்கென்றே ஒரு விலங்குச்சாலை அமைத்திருந்த ஜெரால்ட் டரல் என்ற எழுத்தாளர், 1976இல் மொரீசியஸ் வந்தார். புறாக்களிற் சிலவற்றைப் பிடித்துக் கூண்டில் இனம்பெருக்காவிடின் இனமே போய்விடும் என்பது அவரும் அரசாங்கத்தாரும் கண்ட முடிவு. அடையும் மரத்தைப் பகலில் அடையாளம் வைத்துக்கொண்டு, இருட்டிய பின் மரமேறிப் பிடித்தனர். இவ்வநுபவத்தை அவர் நகைச்சுவை ததும்ப ஒரு நூலாக எழுதி 1977இல் வெளியிட்டார். ஆங்கிலம் படிக்கும் மாணவர் தேடிப் படிக்கத்தக்க நூல். உலகில் எஞ்சிய சில உயிர்களுள் ஒன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு ஈர மரத்திலிருந்து இறங்குபவனின் கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்பதை அந்நகைச்சுவைக்கு அடியில் நாம் உணரலாம்.

கூண்டில் வேறொரு சிக்கல் எழுந்தது. ரோசாப் புறாக்கள் முட்டையிட்டன. ஆனால் அடைகாப்பதிலும் குஞ்சை வளர்ப்பதிலும் பராமுகமாக இருந்தன. ஆகவே, கழுத்தில் கறுப்பு வளையமுள்ள வளர்ப்புப் புறாக்களின் கீழ் அம்முட்டைகளை மாற்றி வைத்தனர். நம் ஊரிற் கோழியின் கீழ்த் தாரா முட்டை வைத்துப் பொரிக்கச் செய்வதில்லையா, அந்த உபாயமே இது. வளர்ப்புத் தாய் பிள்ளையிலும் சிறியது. தன்னை மிஞ்சி வளரும் குஞ்சுக்கு அது சலியாது உணவூட்டியது.

இவ்வாறு பெருகியவற்றிற் சிலவற்றை 1984இல் பம்ப்ளமூஸ் தாவரவியற் பூங்காவில் திறந்துவிட்டனர். நம் பேராதனைப் பூங்காவைப் போல நெடுநாட் புகழுடையது அது. மலைக்காட்டில் விடுமுன் கண்காணிக்கத்தக்க இடத்தில் விட்டுப் பார்ப்போம் என்பதே எண்ணம். புறாக்களோ மனிதருக்கு அஞ்சாதவை. சிறுவர் சிலர் கவண் கொண்டு அவற்றை அடித்து வீழ்த்தினர். நம் பிள்ளைகள் கெற்றப்போல் என்பார்களே, அதுதான். முயற்சி கைவிடப்பட்டது. அச்சிறுவரை நாம் வெகுவாக வைய மாட்டோம். மாமரத்துப் புளுனியைக் குறிவைத்து இறப்பர் நாடாவை இழுத்தறியாத கை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? இத்தகைய புறா வேறெங்கும் இல்லை என்பதை அவர்களுக்கு எவரேனும் முன்னரே சொல்லியிருந்தால், ஒருவேளை அவர்களே காவலராயிருப்பர். அடுத்த ஆண்டில் அதே புறாவைத் தாங்கிய முத்திரை தபாற் கந்தோர்களில் விற்பனைக்கு வந்தது.

காட்டிலோ நிலைமை வரவரக் கெட்டது. தேவதாருத் தோப்பும் முன்போற் காப்பளிக்கவில்லை. கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எலிகளால் நாசமாயின. 1990ஆம் ஆண்டளவிற் காட்டில் எஞ்சியவை ஏறக்குறைய பத்து. ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எண்ணிவிடக்கூடிய தொகை.

உயிர்ப்பித்த வேலை

இக்கட்டத்தில் கார்ல் ஜோன்ஸ் என்பாரைப் பற்றிக் கூறவேண்டும். வேல்ஸ் நாட்டவரான இவர், 1979இல் இருபத்தைந்து வயதளவில் இத்தீவுக்கு வந்தார். இவ்வளவு சில பறவைகளுக்காகப் பணம் செலவிடுவது வீண் என்று கருதிய காலம் அது. தீவின் வல்லூறு 1974இல் நான்கே என எண்ணப்பட்டிருந்தது. அவர் வல்லூற்றையும் கைவிடவில்லை, புறாவையும் கைவிடவில்லை. மொரீசியஸ் அரசாங்கத்தாரும், 1984இல் அமைந்த மொரீசியஸ் வனவுயிர் நிறுவனத்தாரும், யேர்சியிலுள்ள டரலின் அமைப்பினரும் இணைந்து வேலை செய்தனர். 2016இல் இண்டியானாபொலிஸ் விருது ஜோன்சுக்கு வழங்கப்பட்டது.

அவ்வேலை யாது? படிப்பவருக்கு அது வீரச்செயலாகத் தோன்றாது. காட்டின் நடுவே குடிசை போட்டுத் தங்குதல். கூடுகளைச் சுற்றி எலிக்கு நஞ்சும், கீரிக்கும் பூனைக்கும் பொறியும் வைத்தல். மறுநாள் அவற்றைப் பார்த்தல். அதற்கு மறுநாளும் பார்த்தல். கூண்டிற் பிறந்த புறாக்களை 1987 தொடக்கம் மலைக்காட்டிற் சிறிது சிறிதாக விடுவித்தல். பத்தாண்டுகளில் இவ்வாறு விடப்பட்டவை இருநூறுக்கு மேல். பூவும் கனியும் அருகும் மாதங்களில் அவை பட்டினி கிடவாதபடி கோதுமையும் உடைத்த சோளமும் வைத்தல். ஒவ்வொன்றன் காலிலும் வண்ண வளையம் மாட்டி, இன்னது இன்னதனோடு சோடி சேர்ந்தது, இத்தனை முட்டை, இத்தனை குஞ்சு என்று கொப்பியில் எழுதி வைத்தல். நம் ஊர்ச் சோதிடர் குறிப்புப் புத்தகத்தைப் போல, இப்புறாக்களுக்கும் பல தலைமுறைக் குறிப்பு இருக்கின்றது.

மலைக்காட்டுக்கு வெளியேயும் ஓரிடம் கண்டனர். தென்கிழக்குக் கரையில், மாயெபூர் நகருக்கு எதிரே, இல் ஓ ஸெக்ரெத் என்றொரு குட்டித் தீவு. கொக்குத் தீவு என்று பொருள். பரப்பு 26 ஹெக்டேயர், அஃதாவது ஏறக்குறைய 64 ஏக்கர். பவளக்கல் மேல் வளர்ந்த பழைய கரையோரக் காட்டின் மிச்சம் அங்குண்டு. 1991இல் அத்தீவின் எலிகளை ஒழித்தனர். குரங்கும் கீரியும் அங்கில்லை. 1994இற் புறாக்களைக் கொண்டுபோய் விட்டனர். அதே ஆண்டில், பெருந்தீவில், கறுப்பாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

தொகை ஏறியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிகக் கடும் ஆபத்திலுள்ளது என்றிருந்த புறா, 2000ஆம் ஆண்டில் ஒரு படியும், 2018இல் மற்றொரு படியும் ஆபத்துக் குறைந்த வரிசைக்கு மாற்றப்பட்டது. இப்போது அது நிற்கும் வரிசை, ஊறுபடத்தக்கவை என்பது. நம் நுவரெலியாக் காடுகளிலும் ஓட்டன் சமவெளிப் பக்கத்திலும் வாழும் இலங்கை மலைப்புறா நிற்பதும் அதே வரிசையில்தான் என்பதை இடையே குறித்து வைப்போம்.

பாலில் வரும் நோய்

புறாக்கள் குஞ்சுக்குப் பால் கொடுக்கும் என்றால் நம்பாதோர் உண்டு. முலைப்பால் அன்று. தாயும் தந்தையுமாகிய இரண்டுக்கும் தொண்டைக்கடியிலுள்ள தீனிப்பையில், தயிர்க்கட்டி போன்ற கொழுப்புச் செறிந்த பொருளொன்று சுரக்கும். குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாயினுட் செலுத்தி அதனை உண்ணும். இயற்கையின் அரிய ஏற்பாடு. இந்த ஏற்பாட்டின் வழியாகவே இப்புறாவுக்கு ஒரு கேடும் வருகின்றது. திரிக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிர் புறாக்களின் தொண்டையிற் குடியிருப்பது. வளர்ந்த பறவை அதனைத் தாங்கிக்கொண்டு நோயின்றித் திரியலாம்; அது ஊட்டும் பாலோடு குஞ்சின் தொண்டைக்குள் அந்நுண்ணுயிர் இறங்கினால், புண் வளர்ந்து, விழுங்கவும் மூச்சு விடவும் இயலாது குஞ்சு மடியும். வெளியிலிருந்து கொணரப்பட்ட புறாக்களிலும் இந்நுண்ணுயிர் மலிந்திருக்கின்றது. அவற்றுள் ஒன்று நம் வளவுப் புள்ளிப்புறாவின் இனமே. ஒரே தட்டில் தீனும் ஒரே குட்டையில் நீரும் அருந்தும்போது தொற்று பரவுகின்றது. புறாவைப் பட்டினியிலிருந்து காக்க வைத்த உணவுத்தட்டே நோய்க்கும் சந்தியாகிவிட்டது. அதனால், பிற புறாக்கள் நுழைய இயலாத வகையில் அத்தட்டுகளை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சிறுமிக்குச் சொன்னபோது, அவள் சிறிது யோசித்துவிட்டு, “பத்துப் புறாதான் மிச்சமெண்டால், இப்ப இருக்கிற நானூறும் ஒண்டுக்கொண்டு சொந்தக்காரர்தானே?” என்றாள். ஆய்வாளர் பல்லாண்டுகளாக ஆராயும் வினாவை அவள் அல்பத்தை மூடுமுன் கேட்டுவிட்டாள்.

ஆம், சொந்தக்காரரே, கூண்டிலிருந்து வந்த சிலவற்றின் வழியையும் சேர்த்தாலும் குடும்பம் மிகச் சிறிது. ஒவ்வோர் உயிரிடத்தும் பெற்றோரிடமிருந்து பெற்ற பரம்பரையலகுகள் சோடி சோடியாக உள. அவற்றிற் சில பழுதானவை. சோடியில் ஒன்று பழுதாயினும் மற்றையது நன்றாயிருந்தால் பெரும்பாலும் தீங்கு வெளிப்படாது. கூட்டம் பெரிதாக இருக்கும்போது, ஒரே பழுதை உடைய இருவர் சோடி சேர்வது அரிது. கூட்டம் பத்தாகிவிட்டாலோ, எல்லாரும் எல்லாருக்கும் நெருங்கிய உறவு. பழுதும் பழுதும் சந்திக்கின்றன. முட்டை பொரியாது போகும்; பொரித்த குஞ்சு நோஞ்சானாகும். மாமன் மகள், மச்சான் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் சமூகத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. புறாக்களின் நிலை அதனினும் நெருக்கமானது. தொகை நானூறானாலும், இழந்த பரம்பரையலகுகள் தொகையோடு கூடி மீள்வதில்லை. பத்திலிருந்து பெருகிய நானூறு, தம்முள் அந்தப் பத்தையே சுமந்து திரிகின்றன.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோரும் பிறரும் கூடி, ஏறக்குறைய இருபது ஆண்டுகளிற் சேகரித்த இரத்த மாதிரிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். புதிய பரம்பரையலகுகள் வந்து கலவாவிடின், ஐம்பது முதல் நூறு ஆண்டுகளுக்குள் இப்புறா காட்டிலிருந்து ஒழியக்கூடும் என்பது அவர்தம் கணிப்பு. புதியவை எங்கிருந்து வரும்? ஐரோப்பிய விலங்குச்சாலைகளிலிருந்து. முன்னாளில் மலைமேட்டு மரங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றன. காட்டிற் கழிந்துபோன சில பரம்பரையலகுகள் அக்கூண்டுகளில் இன்னும் உள. அவற்றைக் காட்டுப் புறாக்களோடு கலக்கச் செய்வதே ஆய்வாளர் காட்டும் வழி. ஆனால் புறாவை அனுப்பும்போது அதனோடு ஐரோப்பிய நோயையும் சேர்த்து அனுப்பிவிடலாகாது. மொரீசியஸ் தீவுக்கு வெளியிலிருந்து வந்தவை செய்ததைப் பார்த்தபின், எவருக்குத்தான் அச்சம் எழாது?

இதற்கிடையிற் பழைய வேலையும் நிற்கவில்லை. கறுப்பாற்றுக் காட்டிற் சில துண்டுகளை மானும் பன்றியும் புகாதபடி வேலியடைத்து, அவற்றுள்ளே கொய்யாவையும் இலங்கையிலிருந்து போன செடியையும் கையாற் பிடுங்கிக் களைகின்றனர். களைந்த இடத்தில் வெளிச்சம் விழ, பழைய காட்டு மரங்களின் கன்றுகள் முளைக்கின்றன. வேலியோ கொண்டைக்குருவியைத் தடுப்பதில்லை. அது மேலே கொப்பில் வந்தமர்ந்து, கீழே எச்சமிட்டுப் போகின்றது. சில மாதங்களில் அவ்விடத்தில் இலங்கைச் செடியின் பிஞ்சுக் கன்றுகள் மீண்டும் தலைகாட்ட, களை பிடுங்குவோர் முதல் வரிசையிலிருந்து திரும்பவும் தொடங்குகின்றனர்.